நாடியை உள்ளுக்கு இழுங்கோ

சரவணை ஊரைத் தாண்டி ஸ்கூட்டியில் கொஞ்சத் தூரம் வந்திருப்பேன், பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. அந்த நேரத்தில் யாரும் தலையைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். நானும் திருப்பினேன். தலை திரும்பவில்லை. உடம்பு முழுவதும் திரும்பியது. உடம்போடு கைகள் திரும்ப, கைகளோடு ஸ்கூட்டியும் திரும்பி, என்னைக் கொண்டுபோய் வீதியோரத்து மணலில் சரித்துவிட்டது. பஸ் தன்பாட்டில் போய்விட்டது.

மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு நின்ற ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டார்.

"பிரேக் பிடிக்கேல்லையோ அக்கா?"

"பிரேக் பிடிச்சது தம்பி. கழுத்தும் சேர்த்துப் பிடிச்சிட்டுது."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கும்போது வலது தோளிலிருந்து காதுக்குப் பின்னால் ஒரு நோ சுள்ளென்று ஏறியதில் கண்ணீரும் வந்துவிட்டது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்காரர் ஸ்கூட்டியில் கிடந்த திறப்பைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

"நீர் இனி பஸ்ஸில போம். பின்னால வாறது தெரியாமல் ஓடுறது ஓட்டமில்லை."

அந்த நோ அன்றைக்கு வந்ததல்ல. வேலணையில் ஒரு அரச அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். பழைய காணிக் கோப்புகளை எல்லாம் கணினியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தபோது, தட்டச்சு வேகம் உள்ளவள் என்று அந்த வேலையை என்னிடம் தந்திருந்தார்கள். யன்னல் வெளிச்சம் திரையில் பட்டு எழுத்துத் தெரியாததால் திரையை மேசையின் இடது மூலைக்குத் தள்ளி வைத்திருந்தேன். கோப்பு வலது பக்கம் படுத்துக் கிடக்கும். காலையில் இருந்தால், தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் எழும்புவதைத் தவிர, பின்னேரம் வரைக்கும் கழுத்து இந்த இரண்டுக்கும் நடுவில் வளைந்தபடியே இருக்கும். முதலில் பின்னேரங்களில் மட்டும் நொந்தது. பிறகு காலையில் எழும்பும்போதே நொந்தது. பிறகு அது என்னோடு சேர்ந்து படுத்து, என்னோடு சேர்ந்து எழும்பியது.

இதை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான் கலியாணம் கட்டி வந்தது ஊர்காவற்றுறையில் ஒரு மீன்பிடிக் குடும்பத்துக்கு. வீட்டுக்காரர் விடியமுன் படகெடுத்துப் போவார். மாமி, அதாவது அவருடைய அம்மா, கரையில் குந்தியிருந்து மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைத்து எடுப்பார். அந்த வீட்டில் கதிரையில் இருந்து வேலை செய்யும் ஒரே ஆள் நான்தான். எனக்குத்தான் நோ.

மாமி கெட்ட மனுஷி இல்லை. ஆனால் அவருக்கு அது விளங்கவில்லை.

"நாங்கள் பொழுதுபடுமட்டும் குனிஞ்சுகொண்டு கிடக்கிறம். எங்களுக்கு வராத நோ கதிரையில இருக்கிற ஆளுக்கு எங்கயிருந்து பிள்ளை வருது?" என்று உண்மையாகவே கேட்டார்.

யாழ்ப்பாணத்துக்குப் போய்க் கழுத்துப் பட்டி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதைப் போட்டதும் ஊரே என்னை நோயாளி ஆக்கிவிட்டது. பஸ்ஸில் என்னைவிட வயது போனவர்கள் எழும்பி இடம் தந்தார்கள். பூசைக்குப் போனால், என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கே நான் ஏதோ பெரிய விபத்தில் தப்பிய ஆள் மாதிரி ஒரு நினைப்பு வந்துவிட்டது. பாரம் தூக்கப் பயம். குனியப் பயம். தலை முழுகினால் மயிர் துவட்டக் கை எழும்பாது. வீட்டுக்காரர்தான் பின்னால் நின்று துவட்டிவிடுவார். வலை திருத்துகிற கை. மயிரையும் வலை மாதிரியே சிக்கெடுப்பார்.

பட்டி போடப்போட நோ கூடியதே ஒழியக் குறையவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், "வயசுக்கேற்ற தேய்வுதான், பயப்பிட ஒண்டுமில்லை" என்று சொல்லி, பிசியோதெரபி செய்கிற இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தது வவுனியாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. வேலைக்கு வந்து கனகாலம் ஆகியிராது. என் கழுத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி:

"இதை ஆர் அக்கா போடச் சொன்னது?"

"ஒருதரும் சொல்லேல்லை. நானாத்தான் வாங்கிப் போட்டனான்."

"அப்ப நீங்களாவே கழட்டுங்கோ."

கழற்றினேன். சட்டையில்லாமல் சபைக்கு வந்தவள் மாதிரிக் கூச்சமாக இருந்தது. மல்லாந்து படுக்கச் சொன்னாள். கைகளில் விறைப்பு, ஊசி குத்துகிற மாதிரி உணர்வு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்து, விரல்களின் பிடியைச் சோதித்தாள். அது எல்லாம் சரி. பிறகு என் மோவாயில் விரலை வைத்து, "நாடியை உள்ளுக்கு இழுத்து, தலையைக் கட்டிலில இருந்து கொஞ்சம் மட்டும் உயர்த்திப் பிடியுங்கோ" என்றாள்.

உயர்த்தினேன். உயர்த்தியதும் தலை நடுங்கத் தொடங்கியது. என் தலைதான், பிறந்ததிலிருந்து நான் சுமந்துகொண்டு திரிகிற தலை, அதை ஒரு விரற்கடை தூக்கிப் பிடிக்க என்னால் ஏலவில்லை. பொத்தென்று கட்டிலில் விழுந்தது. படுத்தபடியே, மாமி என்னிடம் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்டேன்.

"பாத்தீங்களோ? உங்கட கழுத்தில ஒண்டும் முறியேல்லை. அசையாமல் ஒரே மாதிரி வச்சிருந்து வச்சிருந்து பெலன் குறைஞ்சு போட்டுது. உங்கட மாமியார் குனிஞ்சாலும் எழும்பிறா, நடக்கிறா, தூக்கிறா. நீங்கள் அசையிறேல்லை. இனி அந்தப் பெலனை நாங்கள் திருப்பிக் கொண்டுவர வேணும்."

"நோவோட உடற்பயிற்சி செய்யலாமோ தங்கச்சி?"

"செய்யலாம். செய்யேக்க கொஞ்சம் நோகும். அண்டைக்குப் பின்னேரம் அல்லது அடுத்த நாள் குறைஞ்சால் பரவாயில்லை. கை விறைச்சால், பெலன் குறைஞ்ச மாதிரி இருந்தால் உடனே இஞ்ச வாங்கோ. மற்றும்படி விடாதேங்கோ."

அவள் சொல்லித் தந்தவை பார்வைக்கு மிகவும் சின்னவை. நாடியை உள்ளுக்கு இழுத்து இரட்டை நாடி வரச்செய்து அப்படியே பிடித்திருப்பது. இரண்டு கைகளிலும் பாரம் பிடித்துத் தோளைக் காதுப்பக்கம் உயர்த்தி மெல்ல இறக்குவது. அதே பாரத்தைப் பக்கவாட்டில் தூக்குவது. யன்னல் கம்பியில் இறப்பர் பட்டி கட்டி, முழங்கை பின்னால் போக இழுப்பது. பாரத்துக்கு நான் தண்ணிப் போத்தல்களில் மண்கும்பானில் அள்ளிய மணலை நிரப்பிக்கொண்டேன். இறப்பர் பட்டிக்கு வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ரியூப் ஒன்றை வெட்டித் தந்தார்.

குசினி யன்னலில் ரியூபைக் கட்டி நான் இழுப்பதை முதல்நாள் பார்த்த மாமி, மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார்.

"என்ன பிள்ளை, வீட்டைக் கரைக்கு இழுக்கப் போறியோ?"

முதல் கிழமைகள் மோசம். கழுத்து நோவோடு தோள் நோவும் சேர்ந்துகொண்டது. ஒருநாள் அலுவலகத்தால் வந்தபோது தலை இடி வேறு. ரியூபைச் சுருட்டி முற்றத்தில் எறிந்துவிட்டு, "எனக்கு ஏலாது. இது மாறுற நோ இல்லை" என்று சொல்லிக் கதிரையில் இருந்து அழுதேன். வீட்டுக்காரர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்தார். எழும்பிப் போய் ரியூபை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"வாடைக்காத்து அடிச்சு நாங்கள் கடலுக்குப் போகாமல் வீட்டில கிடப்பமே. பேந்து முதல் கிழமை கடலுக்குப் போட்டு வந்து நான் என்ன சொல்லுறனான்?"

"கை தூக்க ஏலாது எண்டு சொல்லுவீங்கள். எண்ணெய் பூசச் சொல்லுவீங்கள்."

"அதுக்காக நான் போகாமல் விட்டனானோ? அந்த நோ ரெண்டாம் கிழமை இருக்கிறேல்லை. எனக்கு இது நல்லாத் தெரிஞ்ச நோ." ரியூபை யன்னலில் திருப்பிக் கட்டினார். "இண்டைக்கு விடும். நாளைக்கு இழுக்கலாம்."

கதிரையில் இருக்கிற வேலையின் நோவும் கடல்வேலையின் நோவும் அவருக்கு ஒன்றாகிப் போன நாள் அது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் என் நோவைச் சொல்ல வெட்கப்படவில்லை.

அடுத்த நாள் இழுத்தேன். அதற்கடுத்த நாளும். ஒரு காலைநேரம், குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கும்போது பின்னால் கோழி ஒன்று உள்ளே வந்த சத்தம் கேட்டது. திரும்பி "சூ" என்று கலைத்தேன். கலைத்துவிட்டுத்தான் எனக்கு விளங்கியது, நான் தலையை மட்டும் திருப்பியிருக்கிறேன். நோகவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடது பக்கம். வலது பக்கம். கோழி போய்க் கனநேரம். அந்தக் கிழமையே அலுமாரியைத் திறந்து திறப்பை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் படலையடியில் நின்று, பின்னுக்குப் பார்க்கச் சொல்லிப் பரீட்சை வைத்த பிறகுதான் போகவிட்டார்.

அலுவலகத்திலும் ஒரு மாற்றம் செய்தேன். இயன்மருத்துவப் பிள்ளை, நான் வேலை செய்வதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். பக்கத்து மேசைத் தங்கச்சி எடுத்துத் தந்தாள். அதில் இருந்தது நானில்லை, ஓட்டுக்குள்ளிருந்து தலை நீட்டிய ஒரு ஆமை. பார்த்துச் சிரித்த தங்கச்சி, பிறகு மெல்லச் சொன்னாள்:

"எனக்கும் நோகுதக்கா. ஒவ்வொரு நாளும் நோவுக்குக் குளிசை போட்டுட்டுத்தான் வாறனான். இருந்து வேலை செய்யிற எனக்கென்ன நோ எண்டு வீட்டில கேப்பினமெண்டு சொல்லேல்லை."

அவளுக்கு மட்டுமில்லை. கேட்டுப் பார்த்தால் கணக்குப் பிரிவுத் தங்கச்சிக்குத் தோள், உள்வரும் கடிதங்களைப் பதிகிற அக்காவுக்குத் தலையிடி. எல்லாரும் ஒரே அறைக்குள் இருந்துகொண்டு ஒருவருக்கொருவர் தெரியாமல் நொந்துகொண்டிருந்திருக்கிறோம். திரைச்சீலை ஒன்றைத் தைத்து யன்னலுக்குப் போட்டோம். திரைகளைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, கடதாசிப் பெட்டிகளின் மேல் ஏற்றி வைத்தோம். பத்துமணித் தேத்தண்ணிக்கு முன்னால் எல்லாரும் எழும்பி நின்று பயிற்சி செய்யத் தொடங்கினோம். எங்கள் அலுவலகப் பெரியவர் ஒருநாள் அறைக்குள் வந்தபோது அவருடைய ஊழியர்கள் அத்தனை பேரும் இரட்டை நாடியோடு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"என்ன நடந்தது எல்லாருக்கும்?"

"நாடியை உள்ளுக்கு இழுக்கிறம் சேர்" என்றேன் நான், நாடியை விடாமல்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். ஏச்சு வருமென்று இருந்தோம். கொஞ்சநேரத்தால் கதவைத் திறந்து, "அதை எப்பிடிச் செய்யிறது?" என்று கேட்டார். பிறகுதான் கவனித்தேன், அவரும் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் கதிரையோடு சேர்ந்துதான் திரும்புவார்.

திணைக்களங்களுக்கிடையில் வருடாவருடம் விளையாட்டுப் போட்டி நடக்கும். பெண்களுக்கான கயிறிழுத்தலில் எங்கள் அலுவலகம் முதல் சுற்றிலேயே போய்விடும். கயிற்றைக் கையில் தந்து, விசில் ஊதி, நாங்கள் விழுந்து எழும்ப, எல்லாம் ஒரு கொட்டாவி விடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்த வருடம் பேர் கேட்டு வந்தபோது ஆண்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "நாடி இழுக்கிற ஆக்கள் கயித்தையும் இழுக்கட்டுமன்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நாங்கள் பேர் கொடுத்துவிட்டோம்.

எனக்கு உள்ளுக்குள் பயம். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன்.

"பட்டி போட்டுக்கொண்டு வந்த அக்காவோ கயிறிழுக்கப் போறா?" என்று கேட்டு அந்தப் பிள்ளை கதிரையில் இருந்து எழும்பிவிட்டாள். மறுபடியும் படுக்க வைத்துத் தலையைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னாள். தூக்கினேன். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பக்கத்துக் கட்டில்காரரோடு ஏதோ கதைத்தாள். திரும்பிவந்து, "போதும் அக்கா, இறக்குங்கோ" என்றபோதும் என் தலை நடுங்கவில்லை.

"இழுங்கோ. ஆனால் திடீரெண்டு போய் இழுக்கப்படாது. கொஞ்சம் கொஞ்சமாப் பாரம் கூட்டிப் பழகுங்கோ. கழுத்தை முறுக்க வேண்டாம், நாடி உள்ள, பார்வை நேர. கால்தான் இழுக்க வேணும்."

பழக்கியது வீட்டுக்காரர். சனிக்கிழமைகளில் அலுவலகப் பெண்கள் எல்லாரும் எங்கள் கரைக்கு வந்தார்கள். இயந்திரம் கழற்றி அலைவிளிம்பில் விட்ட படகைக் கயிற்றில் கட்டி, மணலில் மேலே இழுக்கச் சொன்னார். முதல்நாள் படகு அசையவேயில்லை. நாங்கள்தான் அதை நோக்கிப் போனோம்.

"நீங்கள் ஆளுக்கொரு நேரம் இழுக்கிறியள். ஒரு மூச்சில இழுக்க வேணும். இழுக்கேலாத நேரம் விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டால் போதும். அலை வந்து தூக்கேக்க இழுங்கோ."

குதியை மணலில் புதைக்க, பின்னுக்குச் சாய, கயிற்றைக் கமக்கட்டுக்குள் இறுக்கக் காட்டித் தந்தார். கரையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமியும் சிரித்தார். மூன்றாவது சனிக்கிழமையோ நான்காவதோ, படகு உறுமிக்கொண்டு மணலில் ஏறியது. ஏறி நின்றது. எங்களுக்கே நம்ப முடியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. மாமி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்து, படகின் முன்பக்கத்து அணியத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கணக்குப் பிரிவுத் தங்கச்சியின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"உந்தக் கையோ இழுத்தது?" என்றார். அன்றைக்கு எல்லாருக்கும் நண்டுக் குழம்போடு சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

போட்டியன்று முதல் சுற்றில் வென்றதை நாங்களே தற்செயல் என்று நினைத்தோம். இரண்டாவது சுற்றில் வென்றபோது ஆட்கள் எங்கள் பக்கம் வந்து கூடினார்கள். இறுதிச்சுற்று பட்டினத்து அலுவலகம் ஒன்றோடு. அவர்கள் பல வருடம் தொடர்ந்து கிண்ணம் எடுத்தவர்கள். ஒரே நிறச் சட்டை, சப்பாத்து, பழக்கிவிட ஒரு ஆள். நாங்கள் வெறுங்கால். நான் கடைசி ஆள். கயிற்றின் முனை என் உடம்பைச் சுற்றி வந்தது.

விசில் ஊதியதும் அவர்கள் ஒரே இழுவையில் எங்களை முன்னுக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் முதல் ஆளின் கால் கோட்டுக்குக் கிட்டப் போய்விட்டது. எனக்கு முன்னால் நின்ற பக்கத்து மேசைத் தங்கச்சி, "அக்கா, போகுது, போகுது" என்று கத்தினாள்.

"இழுக்காதேங்கோ!" என்று நான் கத்தினேன். "பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ! நாடி உள்ள!"

நின்றோம். குதி மண்ணைக் கிழித்துக்கொண்டு போய் ஓரிடத்தில் ஊன்றியது. கயிறு அசையவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மாதக்கணக்காகக் குசினியிலும் அலுவலகச் சுவரடியிலும் நாங்கள் பழகியது இந்த ஒன்றைத்தான்: அசையாமல், விடாமல், மூச்சுவிட்டுக்கொண்டு பிடித்து நிற்பது. என் கழுத்து தூண் மாதிரி நின்றது. தோளுக்குக் குறுக்காகக் கயிறு அறுத்தது, தோள் தாங்கியது. எதிர்ப்பக்கத்தில் யாரோ இருமுவது கேட்டது. அவர்களுடைய வரிசையில் ஒரு நடுக்கம் ஓடிவந்து, கயிற்றின் வழியாக என் கைக்குத் தெரிந்தது.

"அலை!" என்று ஓரத்திலிருந்து வீட்டுக்காரரின் குரல். மைதானத்தில் வேறு யாருக்கும் அது விளங்கியிராது.

ஒரே மூச்சில் சாய்ந்தோம். ஒரு அடி வந்தது. இன்னொரு சாய்வு. இன்னொரு அடி. பிறகு கயிறு தானாக வந்தது, படகு மணலில் ஏறுகிற மாதிரி. நாங்கள் எல்லாரும் மல்லாக்க விழுந்தோம். விழுந்து கிடந்தபடியே வென்றோம். எழும்பும்போது எங்கள் பெரியவர் கோட்டைத் தாண்டி ஓடிவந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு துள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய தலை எல்லாப் பக்கமும் திரும்பியது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து, சிரித்து, அழுது, எது யாருடைய கண்ணீர் என்று தெரியாமல் நின்றோம்.

இப்போதும் கோப்புகள் கூடுகிற நாட்களில் கழுத்து இறுகத்தான் செய்யும். எழும்பி நடந்து, நாடியை இழுத்து, ரியூபை இழுத்தால் இளகிவிடும். பயம் மட்டும் திரும்பி வரவில்லை.

கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தபோது மாமி கைபேசியில் பிரான்சில் இருக்கிற மகளோடு, என் மச்சாளோடு, கதைத்துக்கொண்டிருந்தார். கிண்ணத்தை வாங்கித் திரைக்கு முன்னால் பிடித்தார்.

"பட்டினத்து ஆக்கள் எல்லாரும் ஒரு பக்கம். உன்ர மச்சாள் மற்றப் பக்கம்" என்றார் உரத்த குரலில்.

"தனியவோ அம்மா?"

"தனியத்தான். கழுத்தாலயே இழுத்துப் போட்டாள்."

குசினிக்குள் நின்ற வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் திருத்தப் போகவில்லை. "ஓம் மச்சாள்" என்று திரைக்குள் தலையை நீட்டிச் சொன்னேன்.